பாதையில் கிடந்த இரண்டு குச்சிகள்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மழை தொடங்கியிருந்த சமயம், இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவையில் நடந்தது இது. அங்கே ஒரு தமிழ்ப் பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சாரணர் குழுவுக்கும் நான்தான் பொறுப்பு. தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்த பெண் நான். காக்கிச் சட்டை போட்டு, கழுத்தில் ஸ்காஃபும் கட்டிக்கொண்டு முதல் தடவை பஸ்ஸில் ஏறியபோது, கண்டக்டர் என்னைப் பொலிஸ் என்று நினைத்து டிக்கெட் காசு கேட்கவே தயங்கினார். நானே கூப்பிட்டுக் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாமோ என்று பிறகு தோன்றியது வேறு கதை.

எங்கள் குழுவில் தோட்டத்துப் பிள்ளைகள்தான் அதிகம். பஜாரில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பங்களின் பையன்கள் ஏழெட்டுப் பேரும் ஆசைப்பட்டுச் சேர்ந்திருந்தார்கள். வாராவாரம் மைதானத்தில் முடிச்சுப் போடுவது, முதலுதவி செய்வது என்று எல்லாவற்றுக்கும் ஓடி வருவார்கள். ஆனால் மலைநடை என்று சொன்னால் மட்டும் வீட்டில் விடமாட்டார்கள். தொழுகை தவறிப்போகும், சாப்பாடு எப்படியோ, காடு மேடெல்லாம் என் பிள்ளை எதற்கு ஏறவேண்டும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதிலும் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர், சாரணர்கள் இடது கையால் கைகுலுக்குவதைப் பார்த்துவிட்டு, இது என்ன பழக்கம் டீச்சர் என்று என்னை ரோட்டிலேயே நிறுத்திக் கேட்டார். அது இதயத்துக்குப் பக்கத்துக் கை என்று எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், பையனை மட்டும் மலைநடைக்கு அனுப்பவில்லை.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் எங்கள் பாடசாலையில் இஸ்லாம் பாடம் படிப்பிக்கும் மௌலவி. வயது முப்பதைத் தாண்டியிருக்காது. அதிகம் பேசமாட்டார், பேசினால் சிரிப்பு வரும்படி ஏதாவது சொல்வார். ஒருநாள் என் மேசையில் கிடந்த சாரணர் விதிகளை எடுத்து வாசித்தார். நம்பிக்கைக்கு உரியவனாக இருப்பது, எல்லாருக்கும் உதவியாக இருப்பது, உயிர்களிடம் இரக்கம் காட்டுவது, சிக்கனம், சுத்தம் என்று ஒவ்வொன்றாக வாசித்து முடித்துவிட்டு, இதில் எதை நாங்கள் மதரசாவில் சொல்லாமல் விட்டிருக்கிறோம் என்று என்னிடம் கேட்டார். முதல் விதியில் மட்டும் விரலை வைத்துக்கொண்டு, தங்கள் மார்க்கத்தில் இதற்கு அமானிதம் என்று பெயர் என்றார். ஒருவர் நம்பி ஒப்படைத்ததைக் குறை வைக்காமல் திருப்பிக் கொடுப்பதுதான் அமானிதமாம். பொருளாக இருந்தாலும் சரி, ரகசியமாக இருந்தாலும் சரி, பிள்ளையாக இருந்தாலும் சரி.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு அவரே பெற்றோரிடம் பேசியிருக்கிறார். தானும் கூட நடப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான், எல்லா வீட்டிலிருந்தும் சம்மதம் வந்துவிட்டது. மௌலவி அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடும் பலசரக்குக் கடைக்காரரும் சம்மதித்தார். சம்மதித்ததோடு நிற்காமல், பகல் சாப்பாட்டுக்கு ரொட்டியும் பருப்பும் சம்பலும் தன்னுடைய வேனில் கொண்டுவருவதாகவும் சொன்னார். மனுசன் ஒரு விஷயத்தில் இறங்கினால் முழுசாகத்தான் இறங்குவார்.

நடை ஒரு சனிக்கிழமை. பஜாரிலிருந்து புறப்பட்டு, தேயிலை மலை வழியாக மேலே ஏறி, அந்தப் பக்கத்துத் தோட்டத்தின் விளையாட்டு மைதானத்தில் இறங்கவேண்டும். மூன்று அணிகள். முதல் அணியில் பெரிய பிள்ளைகள். அவர்கள் முன்னால் போய்ப் பாதை பிரியும் இடங்களில் எல்லாம் வழி அடையாளம் வைக்கவேண்டும். போகவேண்டிய பாதையில் கற்களை அம்பு மாதிரி அடுக்குவார்கள். போகக்கூடாத பாதையில் இரண்டு குச்சிகளைப் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கே வைப்பார்கள். அரை மணி நேரம் கழித்து இரண்டாவது அணி, மௌலவியோடு. அதற்கும் பின்னால் மூன்றாவது அணி. அதில் ஆறு சின்னப் பிள்ளைகள். பெரியவர்கள் துணையில்லாமல், அடையாளங்களை மட்டும் பார்த்து வந்து சேர்வதுதான் அவர்களுக்குச் சோதனை. பாஸாகிவிட்டால் சின்னம் கிடைக்கும். அந்த ஆறு பேரில் கடைக்காரரின் மகனும் ஒருவன்.

நான் வேனில் சாப்பாட்டோடு முன்கூட்டியே மைதானத்துக்குப் போய்விட்டேன். கடைக்காரர் பக்கத்து சீட்டில் என்னை வைத்துக்கொண்டு, வழி முழுக்கத் தன் மகனுக்கு என்னென்ன ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். மழை, பனி, பால், கத்தரிக்காய் எல்லாம் அந்தக் கணக்கில் வந்தது. அந்தப் பையன் உயிரோடு வளர்ந்ததே பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் அணி பகலுக்கு முன்னமே வந்துவிட்டது. அதன் தலைவன் ஒரு தோட்டத்துப் பையன். பத்தாம் வகுப்பு. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவன். பிறகு மௌலவியும் இரண்டாவது அணியும் வியர்வையோடு வந்து சேர்ந்தார்கள். சாப்பிட்டார்கள், முஸ்லிம் பிள்ளைகள் மௌலவியோடு லுஹர் என்ற பகல் தொழுகையைத் தொழுதார்கள், பந்து விளையாடினார்கள். மூன்றாவது அணி மட்டும் வரவில்லை.

சின்னப் பிள்ளைகள்தானே, மெதுவாக வருவார்கள் என்று முதலில் இருந்தேன். அதற்குள் மலை உச்சியிலிருந்து பனி இறங்க ஆரம்பித்தது. எங்கள் ஊர்ப் பனியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பத்து நிமிடத்தில் எதிரே நிற்கும் ஆள் காணாமல் போய்விடுவார். தூறலும் விழுந்தது. சனிக்கிழமை என்பதால் கொழுந்து பறிப்பவர்களும் நேரத்தோடு வேலை முடித்து லயத்துக்குப் போயிருந்தார்கள். மலையில் பிள்ளைகள் வழி கேட்பதற்கு ஒரு ஆள் இருக்கமாட்டார். பிள்ளைகளிடம் தொலைபேசியும் இல்லை. இருந்தாலும் அந்தப் பக்கத்தில் சிக்னல் கிடைக்காது.

நான் மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டே மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். காரணம் இருந்தது. முந்தைய மழைக்காலத்தில் அந்த மலையின் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அங்கே போகும் ஒற்றையடிப் பாதை, பாதியில் வெட்டினாற்போல் நின்றுவிடும். அதற்குக் கீழே ஓடை. அந்தப் பாதையில் கட்டாயம் குச்சிக் குறி வைக்கவேண்டும் என்று முதல் அணித் தலைவனை நான் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தேன்.

அவனைக் கூப்பிட்டேன். எல்லா இடத்திலும் அடையாளம் வைத்தாயா என்று கேட்டேன். வைத்தேன் என்றான். சரிவுக்குப் போகும் பாதையில்? அங்கேயும் வைத்தேன் என்றான். சரியாக நினைவுபடுத்திப் பார் என்று குரலை உயர்த்தினேன். பக்கத்தில் நின்ற கடைக்காரரும் விடவில்லை. மறந்திருந்தால் சொல்லிவிடு, பிள்ளைகளின் உயிர் விஷயம் என்று அவனை நெருக்கினார். சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அந்தப் பையன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"வச்சேன் டீச்சர். நானே ரெண்டு குச்சி ஒடிச்சு வச்சேன். சத்தியமா வச்சேன்."

நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிடம் எனக்கு அவன் மேல் முழு நம்பிக்கை வரவில்லை. வைத்திருந்தால் பிள்ளைகள் இந்நேரம் வந்திருக்கவேண்டுமே! வேறு எங்கே தவறியிருப்பார்கள்? அந்த மலையில் பாதை பிரியும் இடங்கள் ஏழெட்டு இருந்தன. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தால் இருட்டிவிடும். பிரிந்து தேடலாம் என்றால் பனியில் தேடப் போகிறவர்களும் தொலைந்துபோவார்கள்.

அப்போதுதான் மௌலவி முன்னால் வந்தார். அந்தக் குச்சியை எப்படி வைத்தாய், செய்து காட்டு தம்பி என்று கேட்டார். பையன் குனிந்து இரண்டு குச்சிகளைக் குறுக்காக வைத்தான். பக்கத்தில் நாலைந்து கற்களை அம்பு மாதிரி அடுக்கினான். மௌலவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து ஒரு குச்சியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அத்தனை பிள்ளைகள், கூடவே ஒரு தகப்பன், அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

"டீச்சர், இந்தத் தம்பி மேல தப்பு இல்ல. இத எடுத்துப் போட்டது நான்தான்."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். வரும் வழியில் உடைந்த தண்ணீர்த் தொட்டி ஒன்றின் பக்கத்தில் பாதை இரண்டாகப் பிரிந்ததாம். ஒரு பாதையின் வாயில் முள்ளோடு இரண்டு குச்சிகள், மற்றதின் நடுவில் கற்கள். அந்த நேரம் பார்த்து, கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு அம்மா வெறுங்காலோடு கீழே தேயிலைக்குள்ளிருந்து அந்தப் பக்கம் ஏறி வந்து, குச்சியில் கால் பட்டுத் தடுமாறியிருக்கிறார். மௌலவி ஓடிப்போய்க் குச்சிகளை எடுத்துத் தேயிலைக்குள் வீசிவிட்டார். அடுத்து வருகிறவர்களுக்கும் தடுக்குமே என்று கற்களையும் ஓரமாகத் தள்ளியிருக்கிறார். பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவதும் ஈமானில், அதாவது இறைநம்பிக்கையில், ஒரு பகுதி என்று அவர்கள் மார்க்கத்தில் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்தே அவருக்கு அது கை தானாகச் செய்யும் வேலை. கூட நடந்த பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு முன்னால் போய்விட்டதால் அதைக் கவனிக்கவில்லை. வழி அடையாளங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பல வாரம் படிப்பித்த எனக்கும், மௌலவிக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

கடைக்காரர் கொதித்துப்போனார். அவர் பிள்ளை அங்கே இருக்கிறான், கோபம் வராமல் எப்படி இருக்கும்?

"நீங்க போறீங்கன்னுதானே மௌலவி என் மகன அனுப்புனேன்?"

"ஆமா நானா. என்னை நம்பித்தான் அனுப்புனீங்க. அதனாலதான் ஒளிக்காம சொல்றேன். புள்ளைங்க எந்தப் பக்கம் போயிருப்பாங்கன்னு இப்ப எனக்குத் தெரியும். வாங்க, போவோம்."

அந்த வார்த்தையில்தான் எனக்கு உயிர் வந்தது. ஏழெட்டு இடத்தில் தேடவேண்டிய வேலை ஒரே இடத்துக்குக் குறைந்துவிட்டது. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நாங்கள் எந்த மூலையில் கத்திக்கொண்டு திரிந்திருப்போமோ தெரியாது. யாரும் அவரைச் சந்தேகப்பட்டிருக்கவும் மாட்டோம். பழி முழுக்க அந்தப் பையன் தலையில் விழுந்திருக்கும்.

பக்கத்து லயத்திலிருந்து தோட்டத்து முன்பள்ளி ஆசிரியையை வரவழைத்து, மற்றப் பிள்ளைகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டு நாங்கள் நாலு பேர் புறப்பட்டோம். நான், மௌலவி, கடைக்காரர், அணித் தலைவன். கயிறு, முதலுதவிப் பெட்டி, டோர்ச் எல்லாம் எடுத்துக்கொண்டோம். நான் பதறுகிற ஆள் இல்லை. செய்வதற்கு ஒரு வேலை இருக்கும்போது எனக்குப் பயம் குறைந்துவிடும். தண்ணீர்த் தொட்டிக்குப் போனதும் டோர்ச் அடித்துப் பார்த்தோம். தேயிலைச் செடி மேல் இரண்டு குச்சிகள் கிடந்தன. சரிவுக்குப் போகும் பாதையின் சேற்றில் சின்னச் சின்னச் சப்பாத்துத் தடங்கள் இறங்கிப் போயிருந்தன. அணித் தலைவன் அந்தக் குச்சிகளையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். நான் அவன் தோளில் கை வைத்தேன். மன்னிப்பை அப்புறம் வாயால் கேட்டேன், அப்போது அதற்கு நேரம் இல்லை.

கொஞ்ச தூரம் இறங்கினோம். பனி இன்னும் கெட்டியானது. ஓடைச் சத்தம் பெரிதாகக் கேட்டது. இதற்கு மேல் போகவேண்டாம் டீச்சர், சரிவு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது என்று அணித் தலைவன் கையை நீட்டித் தடுத்தான். அவன் சொன்னது சரி. நான் விசில் ஊதினேன். பதில் இல்லை. மறுபடியும் ஊதினேன். ஓடை இரைச்சல் விசிலை விழுங்கிவிட்டது. கடைக்காரர் மகனின் பெயரைச் சொல்லிக் கத்தினார். கத்தக் கத்த அவர் குரல் உடைந்தது. கல்லாவுக்குப் பின்னால் அதட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர் அப்படி உடைந்துபோனதை என்னால் பார்க்க முடியவில்லை.

மௌலவி என்னிடம் திரும்பினார். அஸர் தொழுகை நேரம் வந்துவிட்டது, பாங்கு சொல்லட்டுமா டீச்சர், ஸ்பீக்கர் இல்லாத பள்ளிவாசலில் சொல்லிப் பழகிய தொண்டை இது, விசிலை விடத் தூரம் போகும் என்றார். சொல்லுங்க என்றேன். எந்தப் பக்கம் திரும்புவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. பனியில் கிழக்கும் மேற்கும் ஒன்றாகத்தான் இருந்தது. அணித் தலைவன் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தான். மக்கா எந்தப் பக்கம் என்று மௌலவியிடம் கேட்டு, அவர் சொன்னபடி மேற்கே கொஞ்சம் வடக்காகக் கையைக் காட்டினான். மௌலவி அந்தப் பக்கம் திரும்பி, காதில் கை வைத்துப் பாங்கு சொன்னார்.

நான் கோயிலுக்குப் போகிறவள். பஜார்ப் பள்ளிவாசலின் பாங்கை நாளாந்தம் கேட்டுக் கேட்டுக் காதுக்குப் பழகிப்போனவள். ஆனால் அன்றைக்கு அந்தக் குரல் தேயிலை மலை முழுக்க இறங்கிப் போனபோது நானும் கண்ணை மூடிக் கை கூப்பினேன். எங்கள் நாலு பேருக்கும் அந்த நிமிடம் ஒரே வேண்டுதல்தான் இருந்தது.

முடித்துவிட்டு அவர் மூச்சு வாங்கினார். காத்திருந்தோம். கீழே இடது பக்கத்திலிருந்து மெல்லிசாக ஒரு விசில். மூன்று தடவை, விட்டு விட்டு. நான் படிப்பித்த மாதிரியே.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, செடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினோம். ஆறு பேரும் ஒரு தேயிலை வரிசைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மண் சரிந்த விளிம்பு அவர்களிடமிருந்து ஒரு பஸ் நீளம் கூட இருக்காது. கடைக்காரரின் மகனுக்குக் கால் பிசகி வீங்கியிருந்தது. அதற்கு ஸ்காஃபால் கட்டுப் போட்டிருந்தார்கள். நீண்ட நேரம் அடையாளம் எதுவும் கண்ணில் படாததால் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அதற்குள் இவன் வழுக்கி விழுந்துவிட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு நடக்கும் வலு இல்லை, பனியும் மூடிவிட்டது. வழி தவறினால் நின்ற இடத்திலேயே நில் என்று சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவரும் ஒருவரை விட்டுப் போகவில்லை. என் விசில் அவர்களுக்குக் கேட்கவே இல்லையாம். எங்கட மௌலவி சத்தம் கேட்டுச்சு டீச்சர், அதான் ஊதுனோம் என்று ஒரு குட்டிப் பையன் பல் கிட்டிக்கச் சொன்னான். அவன் முஸ்லிம் பிள்ளை இல்லை. லயத்துப் பிள்ளை. எங்கட மௌலவி என்றுதான் சொன்னான்.

கால் பிசகிய பையனை எப்படிக் கொண்டுபோவது? அணித் தலைவன் தன் கையால் தன் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டி, மௌலவியையும் அப்படியே பிடிக்கச் சொன்னான். இரண்டு பேர் கையும் கோர்த்து ஒரு நாற்காலியானது. பையனை அதில் உட்காரவைத்து, அவர்கள் இரண்டு பேரும் மைதானம் வரை சுமந்து வந்தார்கள். தகப்பன் தூக்க வந்தபோது, நீங்க டோர்ச்ச புடிங்க நானா, இது என் அமானிதம் என்று சொல்லிவிட்டார் மௌலவி. கடைக்காரர் டோர்ச்சை வாங்கி முன்னால் வெளிச்சம் காட்டிக்கொண்டு நடந்தார்.

அடுத்த வாரம் பாடசாலையில் பெற்றோர் கூட்டம் வைத்தோம். நடந்தது எல்லாம் ஊருக்குள் காது வைத்து மூக்கு வைத்துப் பரவியிருந்தது. மௌலவி எழுந்து, கூட்டாமல் குறைக்காமல் திரும்பவும் சொன்னார். இனி இந்த நடையெல்லாம் வேண்டாம் என்று சிலர் குரல் கொடுத்தார்கள். மௌலவியை நம்பி அனுப்பியதே தப்பு என்றும் ஒருவர் சொன்னார். நானும் பேசத் தயாராகத்தான் இருந்தேன், வாதாட எனக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. ஆனால் எனக்கு முன்னால் கடைக்காரர் எழுந்துவிட்டார். அவர்தான் எல்லாரையும் விட அதிகமாகத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"தப்பே செய்யாத ஆள நான் பார்த்ததில்ல. செஞ்ச தப்ப அத்தன பேருக்கு முன்னால நான்தான்னு சொன்ன ஆள அன்னைக்குத்தான் பார்த்தேன். அவரு சொல்லலன்னா என் மகன் இன்னைக்கு எனக்கு இல்ல. அவன் கால் சரியானதும் அடுத்த நடைக்குப் போவான், இவரு கூடத்தான் போவான்."

சொல்லிவிட்டு அவர் அணித் தலைவன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனார். அன்று உன்னைச் சந்தேகப்பட்டுவிட்டேன் தம்பி என்று கையை நீட்டினார். நீட்டியது இடது கை. பையன் திகைத்துப்போய் எழுந்து நின்று குலுக்கினான். கூட்டத்தில் அதற்குப் பிறகு வேண்டாம் என்ற பேச்சே வரவில்லை.

மௌலவி இப்போது எங்கள் குழுவின் உதவிப் பொறுப்பாளர். வழி அடையாளங்கள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். நடைக்குப் போனால் பாதையில் கிடக்கும் கல்லையும் முள்ளையும் இன்றும் எடுத்துப் போடுகிறார், ஆனால் எடுக்கும் முன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இது அடையாளமா இல்லை சும்மா கல்லா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்கிறார். பிள்ளைகள் வேண்டுமென்றே அவர் காலடியில் கல்லைப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

வருடாவருடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சாரணர் விதிகளைச் சொல்லிக் கொடுக்கிறேன். சாரணனின் சொல்லை நம்பலாம் என்ற முதல் விதிக்கு வரும்போது முன்பெல்லாம் கதை கட்டிச் சொல்லி விளக்குவேன், இப்போது அந்தப் பனியில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்காமல் 'நான்தான்' என்று சொன்ன ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டுகிறேன், அவரை நம்பி எந்த மலைக்கும் பிள்ளைகளைத் தைரியமாகக் கூட்டிப்போகிறேன்.